தாண்டிக்குடிச் சரிவில் ஒரு மூடிய டிராவர்ஸ்: கோணப் பிழையைக் கண்டுபிடிப்பதும் பங்கிடுவதும்

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி போகும் பஸ்ஸில் ஒரே வாரத்தில் இரண்டாவது முறை ஏறியபோது கண்டக்டர் சிரித்தார். "என்ன சார், நேத்துதான இந்த முக்காலியத் தூக்கிக்கிட்டு இறங்குனீங்க?" என்றார். முக்காலி என்று அவர் சொன்னது டிரைபாடை. பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். கீழ்ப்பழனி மலையில் ஒரு சின்னக் காப்பித் தோட்டம், ஆறு மூலை, ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். காலையில் போய் அளந்து முடித்து, சாயங்காலம் கீழே இறங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கோணங்களைக் கூட்டினேன். 720 டிகிரி வர வேண்டிய இடத்தில் 720 டிகிரி 10 நிமிடம் 30 விநாடி வந்தது. அந்தக் கூட்டலைத் தோட்டத்திலேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கலாம். போடாததால் பஸ் காசு, உதவியாளருக்கு இன்னொரு நாள் கூலி, தோட்டக்காரர் முகத்தில் ஒரு சுளிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டது.

புதிதாக டோட்டல் ஸ்டேஷனை, அதாவது கோணமும் தூரமும் அளக்கும் கருவியை, தோளில் ஏற்றியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தத் தோட்டத்தின் எண்களை வைத்தே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். வகுப்பில் படித்த சூத்திரம் சரியானதுதான். ஆனால் பிழையைக் கண்டதும் பங்கு போடும் பழக்கத்தையும் வகுப்பே கொடுத்துவிடுகிறது. முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், பங்கு அதற்கப்புறம்தான்.

எவ்வளவு வர வேண்டும்

ஒரு ஸ்டேஷனில், அதாவது ஆணி அடித்துக் கருவியை நிறுத்தும் இடத்தில், தொடங்கி, ஒவ்வொரு மூலையாக நின்று கோணமும் தூரமும் எடுத்து, தொடங்கிய ஆணிக்கே திரும்பி வந்தால் அது மூடிய டிராவர்ஸ். மூடுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது: கோணங்களின் கூட்டுத்தொகை என்னவாக இருக்க வேண்டும் என்பது அளப்பதற்கு முன்பே தெரியும்.

ஆறு மூலை உருவத்தை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குக் கோடு இழுத்துப் பிரித்துப் பாருங்கள். நான்கு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்துக்கு 180 வீதம் 4 × 180 = 720 டிகிரி. பக்கங்களின் எண்ணிக்கையில் 2 கழித்து 180-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் 'இரு மடங்கில் நான்கு கழித்து 90-ஆல் பெருக்கு' என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றே. நான்கு மூலைக்கு 360, ஐந்துக்கு 540, எட்டுக்கு 1080.

வெளிக்கோணம் எடுத்திருந்தால் நான்கைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். ஆறு மூலைக்கு 16 × 90 = 1440. விலகல் கோணம், அதாவது வந்த கோட்டை நேரே நீட்டினால் அதிலிருந்து எவ்வளவு திரும்புகிறோம் என்பதை, எடுப்பவர்கள் வலப்பக்கத்துக்குக் கூட்டல், இடப்பக்கத்துக்குக் கழித்தல் குறி போட்டுக் கூட்டினால் எத்தனை மூலையானாலும் 360-தான் (இடஞ்சுழியாகச் சுற்றினால் கழித்தல் 360). ஒரே டிராவர்ஸில் மூன்றையும் கலக்காதீர்கள். மலையில் எல்லைகள் ஓடையை ஒட்டி உள்ளே வளைந்து போகும். அந்த மூலையில் உட்கோணம் 180-க்கு மேல் வரும். 'இவ்வளவு பெரிய கோணம் எப்படி வரும்' என்று பயந்து 360-லிருந்து கழித்து எழுதிவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வந்ததை வந்தபடி எழுத வேண்டும்.

தோட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பின்னால் விட்டு வந்த ஸ்டேஷனைப் பார்த்து பேக்சைட் எடுத்து, அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பி அடுத்த ஸ்டேஷனைப் பார்த்தால் கிடைப்பது தானாகவே உட்கோணமாக இருக்கும். வலஞ்சுழியாகப் போனால் வெளிக்கோணம் வந்து நிற்கும்.

சரிவைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். "சார், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் முப்பது அடி ஏற்ற இறக்கம் இருக்கு, அப்பவும் 720-தானா?" அப்பவும் 720-தான். கருவியின் கிடை வட்டம் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் அது படிப்பது கிடைக்கோணத்தைத்தான். சரிவு தொந்தரவு செய்வது தூரத்தை. 20 டிகிரி ஏற்றத்தில் 60.8 மீட்டர் வந்தால் கிடைத்தூரம் ஏறக்குறைய 57.1 மீட்டர்தான்.

பூமி உருண்டை என்பதால் கோணம் கூடுமே என்று கேட்பவர்களும் உண்டு. கூடும், ஆனால் ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரிய முக்கோண அளவைக்கு அது பொருட்டாக இருந்தது. அவர்கள் முக்கோணங்களின் பக்கங்கள் பல பத்து கிலோமீட்டர் நீளமானவை. கோணம் அளக்கும் தியோடலைட் கருவியே அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது அடிபட்டு, லாம்டனே உட்கார்ந்து சரிசெய்தார். ஒரு காப்பித் தோட்டத்தின் பிழைக்குப் பூமியின் வளைவைக் காரணம் காட்ட முடியாது.

கோணத்தை எடுப்பதும் எழுதுவதும்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு ஃபேஸிலும் எடுங்கள். ஃபேஸ் லெஃப்டில் பின், முன் இரண்டையும் பார்த்துவிட்டு, டெலஸ்கோப்பைக் கவிழ்த்து ஃபேஸ் ரைட்டில் மறுபடியும் இரண்டையும் பார்க்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் சில கோளாறுகள், முக்கியமாகப் பார்வைக்கோடும் கிடை அச்சும் கொஞ்சம் பிசகியிருப்பது, இரண்டின் சராசரியில் அடிபட்டுப் போகும்.

ஆறு மூலைக்கும் எஸ்1 முதல் எஸ்6 வரை பெயர் வைத்திருந்தேன். எஸ்6 ஸ்டேஷனில் நான் எடுத்த ரீடிங் இப்படி இருந்தது:

ஃபேஸ் லெஃப்ட்: எஸ்5-க்கு 0° 00′ 10″, எஸ்1-க்கு 117° 02′ 56″. வித்தியாசம் 117° 02′ 46″.
ஃபேஸ் ரைட்: எஸ்5-க்கு 180° 00′ 02″, எஸ்1-க்கு 297° 02′ 56″. வித்தியாசம் 117° 02′ 54″.
சராசரி: 117° 02′ 50″.

இரண்டு ஃபேஸுக்கும் 8 விநாடி வித்தியாசம். 5 விநாடி கருவிக்கு இது சகஜம். 30, 40 விநாடி வித்தியாசம் வந்தால் அந்த இடத்திலேயே மறுபடி எடுக்க வேண்டும்.

எழுதும் விதத்தில்தான் நான் மாட்டினேன். நான் வாசிக்க, உதவியாளர் ஃபீல்டு புக்கில் எழுதினார். ஃபேஸ் லெஃப்டில் 117° 02′ 56″ என்று நான் சொன்னது அவர் காதில் 12 என்று விழுந்திருக்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்குள் காற்று போட்ட இரைச்சலில் என் குரல் அவருக்கு எட்டியதே பெரிது. ஒரு பக்கம் மட்டும் 12 என்று இருந்திருந்தால் இரண்டு ஃபேஸும் 10 நிமிடம் முரண்பட்டு அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் ஃபேஸ் ரைட்டில் டிகிரியையும் நிமிடத்தையும் மேல் வரியைப் பார்த்து எழுதிக்கொண்டு, விநாடியை மட்டும் என்னிடம் கேட்டு நிரப்பினார். வேலை வேகமாக ஓடுமாம். 297° 12′ 56″ என்று அதுவும் பொருந்திப்போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பொய்யும் ஒரே குரலில் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். நான் வாசித்ததை எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும், முழு ரீடிங்கையும். சுழியம் இரண்டு, 'சைபர் ரெண்டு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கருவி தானாகப் பதிந்தாலும் ஃபீல்டு புக்கில் பென்சிலால் எழுதிவைப்பதை விடாதீர்கள். பேட்டரி மலையேறும்போது சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும்.

கூட்டிப் பார்க்கலாம்

மறுநாள் போய்ச் சரிபார்த்த பிறகு கிடைத்த ஆறு கோணங்கள்:

எஸ்1: 96° 14′ 20″
எஸ்2: 131° 42′ 35″
எஸ்3: 118° 05′ 50″
எஸ்4: 147° 33′ 15″
எஸ்5: 109° 21′ 40″
எஸ்6: 117° 02′ 50″

விநாடியிலிருந்து தொடங்குங்கள். 20 + 35 + 50 + 15 + 40 + 50 = 210 விநாடி, அதாவது 3 நிமிடம் 30 விநாடி. நிமிடங்கள் 14 + 42 + 5 + 33 + 21 + 2 = 117. மேலே வந்த 3-ஐச் சேர்த்தால் 120 நிமிடம், இரண்டு டிகிரி. டிகிரிகள் 96 + 131 + 118 + 147 + 109 + 117 = 718, இரண்டைச் சேர்த்தால் 720. மொத்தம் 720° 00′ 30″.

பிழை என்பது அளந்ததில் இருந்து வர வேண்டியதைக் கழித்தது. 720° 00′ 30″ − 720° = கூட்டல் 30 விநாடி. திருத்தம் இதற்கு எதிர்க் குறி: கழித்தல் 30 விநாடி. இந்தக் குறியைத் தலைகீழாகப் போட்டுப் பிழையை இரட்டிப்பாக்காதவர் எங்கள் தொழிலில் குறைவு. திருத்தியபின் மறுபடி கூட்டினால் சரியாக 720 வர வேண்டும். 720° 01′ 00″ வந்தால் குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கால்குலேட்டரில் 14′ 20″ என்பதை .1420 என்று தட்டிவிட்டு விழிப்பவர்களும் உண்டு. டிகிரி-நிமிடம்-விநாடி பொத்தான் உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் மேலே செய்ததுபோல் மூன்று நிரலாகக் கையால் கூட்டுங்கள். எனக்கு இன்னும் கைக்கூட்டல்தான் பிடிக்கும்.

30 விநாடி அதிகமா?

பாடப்புத்தக வழி: கருவியின் மீச்சிற்றளவை, அதாவது அதில் படிக்க முடிகிற மிகச் சிறிய அளவை, ஸ்டேஷன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குவது. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் 20 விநாடி வெர்னியர் தியோடலைட்டுக்கு ஆறு ஸ்டேஷன் என்றால் 20 × 2.45 = 49 விநாடி. அதற்குள் இருந்தால் ஏற்கலாம்.

வர்க்கமூலம் எதற்கு, நேராக ஆறால் பெருக்கினால் என்ன? சின்னச் சின்னப் பிழைகள் ஒரு ஸ்டேஷனில் கூடவும் இன்னொன்றில் குறையவும் விழும். ஆறும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம், பாதிக்கு மேல் ஒன்றையொன்று தின்றுவிடும். நூறு ஸ்டேஷன் போட்டாலும் பத்து மடங்குதான் கூடும்.

5 விநாடி டோட்டல் ஸ்டேஷனில் இன்னொரு நுணுக்கம். அந்த 5 என்பது ஒரு திசைக்கு. கோணம் என்பது இரண்டு திசைகளின் வித்தியாசம், அதனால் ஒரு கோணத்துக்கு ஏறக்குறைய 7 விநாடி. ஆறு கோணத்துக்கு 7 × 2.45, சுமார் 17. நான் அதன் இரு மடங்கு வரை, அதாவது 34 விநாடி வரை, மனக்குறை இல்லாமல் ஏற்றுக்கொள்வேன். திரையில் ஒரு விநாடி வரை எண் ஓடுகிறது என்பதற்காக அதை ஒரு விநாடிக் கருவி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை கொடுத்தவர் எழுத்தில் ஒரு வரம்பு சொல்லியிருந்தால் அதுதான் சட்டம், என் கணக்கோ உங்கள் கணக்கோ அல்ல.

ஆக 30 விநாடி, என் 34 விநாடி வரம்புக்குள் தேறிவிட்டது. முதல் நாள் வந்த 10 நிமிடம் 30 விநாடி எந்த வழியிலும் தேறாது.

வரம்பை மீறினால் எங்கே தேடுவது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். வரம்பை மீறிய பிழையைப் பங்கிடக் கூடாது. 10 நிமிடம் 30 விநாடியை ஆறால் வகுத்தால் ஸ்டேஷனுக்கு 1 நிமிடம் 45 விநாடி. ஒழுங்காக அளந்த ஐந்து கோணங்களைக் கெடுத்து, கெட்டுப்போன ஒன்றை ஆறில் ஐந்து பங்குக்குக் கெட்டபடியே விடுவதுதான் நடக்கும். கூட்டுத்தொகை மட்டும் 720 என்று அழகாக நிற்கும். சில சாஃப்ட்வேர்கள் கேட்காமலேயே இதைச் செய்துவிட்டு வரைபடத்தையும் போட்டுக் கொடுத்துவிடும். அதனால் திருத்தும் பொத்தானைத் தட்டும் முன் திருத்தாத கூட்டுத்தொகையை ஒரு தரம் கண்ணால் பாருங்கள்.

பிழையின் அளவே பாதி விஷயத்தைச் சொல்லும். 1 டிகிரி, 10 நிமிடம், 20 நிமிடம் என்று முழு எண்ணை ஒட்டி வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழை. வால் போல ஒட்டியிருக்கும் 30 விநாடி வழக்கமான அளவைப் பிழை. மூன்று நிமிடம் பதினேழு விநாடி என்பதுபோல முழுமையில்லாமல் வந்தால் ப்ரிஸம் கம்பு (கருவி குறிபார்க்கும் கண்ணாடியைத் தாங்கும் கம்பு) வேறு முளைமேல் நின்றிருக்கும், அல்லது சாய்ந்திருக்கும், அல்லது மண்ணில் டிரைபாட் கால் இறங்கியிருக்கும். பல டிகிரி பிசகு என்றால் யாரோ ஒருவர் வேறு ஆளைப் பார்த்திருக்கிறார்.

எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, தூரங்களையும் கையில் வைத்திருந்தால். கோணத்தைத் திருத்தாமல், எஸ்1-லிருந்து எஸ்2, எஸ்3 என்று ஒரு சுற்று ஆயத்தொலைவுகளைக் கணக்கிடுங்கள். அப்புறம் அதே எஸ்1-லிருந்து எதிர்ச்சுற்றாக எஸ்6, எஸ்5 என்று கணக்கிடுங்கள். இரண்டு கணக்கிலும் எந்த ஸ்டேஷனின் எண்கள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவோ, கோளாறு அங்கேதான். தப்பான கோணம் தனக்கு அப்பால் இருக்கும் எல்லாவற்றையும் சுழற்றிவிடும், தன் இடத்தை மட்டும் அசைக்காது. எனக்கு எஸ்6 ஒத்துப்போனது. எஸ்6–எஸ்1 பக்கம் 120 மீட்டர். அந்த நீளத்தில் 10 நிமிடம் என்பது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். கணக்கில் என் எஸ்1 ஆணி உண்மையான ஆணிக்கு 35 சென்டிமீட்டர் தள்ளி, பக்கத்துத் தோட்டத்து மிளகுக்கொடிக்குள் போய் விழுந்திருந்தது. அந்த மிளகுக்கொடிக்காரரும் நம் தோட்டக்காரரும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பது வேறு கதை.

இந்த வழி ஒரே ஒரு பெரிய பிழை இருக்கும்போதுதான் வேலை செய்யும். இரண்டு ஸ்டேஷனில் கோளாறு என்றால் ஆளைக் காட்டாது. எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான். இன்னொன்று, எஸ்6 என்று தெரிந்துவிட்டதே, 12-ஐ 02 என்று புத்தகத்தில் திருத்திக்கொண்டால் போதாதா என்று உங்கள் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. ஆனால் அது ஊகம், அளவை அல்ல. அதற்காகத்தான் மறுநாள் அந்தக் கண்டக்டரிடம் அகப்பட்டேன்.

மலையில் விநாடிகள் எங்கிருந்து வருகின்றன

சமவெளியில் பழகியவர்கள் மலைக்கு வந்தால் முதலில் தடுமாறுவது குறுகிய பக்கங்களில். காப்பிச் செடி, மேலே நிழல் மரம், அதில் மிளகு, நடுவில் வாழை. பல இடங்களில் 20 மீட்டருக்கு அப்பால் கண் போகாது. எங்கள் தோட்டத்தில் எஸ்5–எஸ்6 வெறும் 19 மீட்டர். கருவியோ ப்ரிஸமோ ஆணியின் தலையிலிருந்து 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தால் 120 மீட்டரில் அது மூன்றரை விநாடிகூட இல்லை. 19 மீட்டரில் 22 விநாடி. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: விலகலைத் தூரத்தால் வகுத்து 2,06,265-ஆல் பெருக்கினால் விநாடி கிடைக்கும்.

ப்ரிஸம் கம்பு இன்னும் மோசம். இரண்டு மீட்டர் உயரத்தில் தலை ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தால் 19 மீட்டரில் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேல் போகும். அதனால் குட்டைப் பக்கத்தில் கோணம் எடுக்கும்போது ப்ரிஸத்தைப் பார்க்காதீர்கள். கம்பின் அடிமுனையைப் பாருங்கள். செடி மறைத்தால் ஆணிக்கு மேல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதன் நூலைக் குறிவைக்கலாம். பின்னால் ஒருவர் வெள்ளைக் காகிதம் பிடித்தால் இருட்டு நிழலிலும் நூல் தெளிவாகத் தெரியும். மூன்று டிரைபாட் இருந்தால் ட்ரைபிராக்கை (டிரைபாடின் தலையில் கருவியைத் தாங்கும் அடித்தட்டை) அசைக்காமல் கருவியையும் ப்ரிஸத்தையும் மட்டும் மாற்றி மாற்றி வைப்பது இன்னும் நல்லது. ஆனால் மூன்று டிரைபாடைச் சுமந்து காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏற ஆள் வேண்டும்.

இரண்டாவது, குமிழ். கருவி மட்டத்திலிருந்து 20 விநாடி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். சமவெளியில் நேரே பார்க்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது. 30 டிகிரி மேல்நோக்கிப் பார்த்தால் அந்தச் சாய்வு கிடைக்கோணத்தில் 12 விநாடி வரை நுழைந்துவிடும். 45 டிகிரி என்றால் முழு 20 விநாடியும் வரும். ஓடைக்குள் நின்று, பின்னாலும் மேலே, முன்னாலும் மேலே பார்க்கிற ஸ்டேஷனில் இந்த இரண்டு பிழைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் காப்பாற்றும் ஃபேஸ் மாற்றும் வித்தை இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் டெலஸ்கோப்பைக் கவிழ்த்தாலும் செங்குத்து அச்சு சாய்ந்தபடியேதான் நிற்கிறது. கருவியில் இரட்டை அச்சு காம்பென்சேட்டர் (சாய்வை அளந்து ரீடிங்கைத் தானே திருத்தும் அமைப்பு) இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் செங்குத்தான பார்வைக்கு முன் ஒவ்வொரு தடவையும் குமிழைப் பாருங்கள்.

மூன்றாவது மண். காப்பிக்கடியில் சருகு மக்கி மெத்தை போல இருக்கும். டிரைபாட் காலை மிதித்து இறக்காமல் விட்டால் நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்கும்போதே கருவி அசையும். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒரு கால் மேல்பக்கம் என்று ஊன்றுங்கள். கடைசியாக பேக்சைட்டை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டு கருவியைக் கழற்றுங்கள். தொடங்கிய ரீடிங்கே திரும்பி வந்தால் நடுவில் எதுவும் நகரவில்லை.

மூடுபனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்துக்கு மேல் அது எப்போது வேண்டுமானாலும் ஏறி வரும். ப்ரிஸம் மங்கலாகத் தெரியும்போது 'ஏதோ தெரிகிறதே' என்று எடுக்கும் ரீடிங்கைவிட டீ குடிக்கப் போவது மேல்.

பழைய ப்ரிஸ்மாட்டிக் காம்பஸில் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மீச்சிற்றளவே 30 நிமிடம். பக்கத்தில் நிற்பவர் இடுப்பில் அரிவாள் இருந்தால் ஊசி அதையும் மதிக்கும். பேரிங் என்பது வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் அளந்த திசைக்கோணம். ஒரு கோட்டின் முன் பேரிங்குக்கும் பின் பேரிங்குக்கும் 180 டிகிரி வித்தியாசம் வருகிறதா என்று பார்த்த பிறகே கோணம் எடுக்க வேண்டும்.

பங்கிடுதல்

வரம்புக்குள் இருக்கும் பிழையை மட்டும் பங்கிடுகிறோம். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே கருவி, ஒரே ஆள், ஒரே எண்ணிக்கையில் அளவு என்றால் சமமாகப் பிரிக்கலாம். −30 விநாடியை ஆறால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் −5 விநாடி.

எஸ்1: 96° 14′ 15″
எஸ்2: 131° 42′ 30″
எஸ்3: 118° 05′ 45″
எஸ்4: 147° 33′ 10″
எஸ்5: 109° 21′ 35″
எஸ்6: 117° 02′ 45″

கூட்டினால் 720° 00′ 00″.

கோணத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கிடக் கூடாது. பெரிய கோணத்துக்குப் பெரிய பங்கு என்று கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 147 டிகிரியை அளக்கவும் 96 டிகிரியை அளக்கவும் நீங்கள் பார்த்தது இரண்டே இரண்டு திசைகளை. பிழை வருவது பார்வையில், கோணத்தின் விரிவில் அல்ல.

சமமாக வகுபடாவிட்டால் அரை விநாடி கால் விநாடி என்று எழுத வேண்டாம். பிழை 32 விநாடி என்றால் நான்கு ஸ்டேஷனுக்கு 5, குட்டைப் பக்கம் இருக்கும் எஸ்5-க்கும் எஸ்6-க்கும் 6 வீதம் கொடுப்பேன். குட்டைப் பக்கத்தின் இரு முனையிலும் பிழை அதிகம் என்று நமக்கே தெரியும்போது அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுவதில் தப்பில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதை மட்டும் ஃபீல்டு புக்கின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

பேரிங்கைச் சுற்றி வருதல்

கடைசிச் சோதனை. திருத்திய கோணங்களைக் கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் முழுவட்டப் பேரிங்கைப் போட வேண்டும். முந்தைய பக்கத்தின் பேரிங்குடன் 180-ஐயும், நிற்கும் ஸ்டேஷனின் உட்கோணத்தையும் கூட்டுங்கள். 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழியுங்கள். இது நாம் சுற்றிய இடஞ்சுழிக்கான விதி.

எஸ்1–எஸ்2 பேரிங் 62° 00′ 00″ என்று எடுத்துக்கொண்டேன்.

எஸ்2–எஸ்3: 62° + 180° + 131° 42′ 30″ = 373° 42′ 30″, கழித்தால் 13° 42′ 30″
எஸ்3–எஸ்4: 311° 48′ 15″
எஸ்4–எஸ்5: 279° 21′ 25″
எஸ்5–எஸ்6: 208° 43′ 00″
எஸ்6–எஸ்1: 145° 45′ 45″

இங்கே நிறுத்திவிடாதீர்கள். எஸ்1-இன் கோணத்தையும் போட்டு மறுபடி எஸ்1–எஸ்2-க்கு வர வேண்டும். 145° 45′ 45″ + 180° + 96° 14′ 15″ = 422°. 360-ஐக் கழித்தால் 62° 00′ 00″. ஒரு விநாடி பிசகினாலும் நடுவில் கூட்டலில் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப் பேரிங் 62 என்பதே தப்பு என்றால் தோட்டம் முழுவதும் ஒன்றாகத் திரும்பிவிடும், கோணங்கள் கம்மென்று இருக்கும். தூரத்தில் வந்த பிழையையும் இது காட்டாது, அதற்கு வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குக் கூறுகளைத் தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். நாம் போடும் வரைபடம் பட்டா எல்லையை முடிவு செய்யாது என்பதையும் தோட்டக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு சர்வே துறை நில அளவர் வந்து புலப்படத்தை வைத்து அளக்க வேண்டும்.

இரண்டாவது நாள் எஸ்6-இல் கருவியை நிறுத்தி, இரண்டு ஃபேஸிலும் புதிதாக எடுத்தேன். 02 என்று நான் சொல்ல, உதவியாளர் "சைபர் ரெண்டுண்ணே" என்று திருப்பிச் சொன்னார். பாறையில் உட்கார்ந்து கூட்டினோம், 30 விநாடி. பேரிங்கைச் சுற்றி வந்தோம், 62. தோட்டக்காரர் தன் வீட்டுக் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "முடிஞ்சுதா தம்பி, இல்ல இன்னொரு தடவை வருவீங்களா?" என்றார். ஆணித் தலைகளில் சிவப்பு பெயிண்ட் வைத்துவிட்டு, ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினோம். அதே கண்டக்டர்தான்.